பொலிஸ் வாசலில் விட்டுவந்த மீவன

போன வாரம் கொழும்பில் ஒரு பூக்கன்றுக் கடையைத் தாண்டும்போது பன்னச்செடியின் ஈரமண் வாசம் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. கடைக்காரப் பெண் நான் வாங்கப்போகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பாவம்.

பூக்காமல் இலை மட்டும் சுருள் பிரிந்து விரியும் இந்தச் செடிக்குப் பன்னம் என்பது பாடப்புத்தகப் பேர். எங்கள் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்தில் சிங்களப் பேரில் 'மீவன'தான். இரண்டும் ஒன்றென்று எனக்கே வெகுநாள் தெரியாது. தேயிலை மலையில் அதைக் களையென்று சுரண்டி எறிவோம். அம்மா மட்டும் பொறுக்கி வந்து, நீலப் பெயின்ட் அடித்த பால்மா டின்களில் நட்டு, லயத்து வீட்டு வாசலில் வெயில் படாமல் தொங்கவிடுவாள். தேத்தண்ணிச் சக்கைதான் உரம். காற்றடித்தால் இலை கருகுமென்று ஈரச்சாக்கு கட்டுவாள். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவ்வளவு பதறமாட்டாள்.

சண்டைக் காலம் அது. அடையாள அட்டை இல்லாமல் டவுனுக்குப் போன அண்ணனைச் சுற்றிவளைப்பில் பிடித்து டவுன் பொலிஸில் வைத்துவிட்டார்கள். கொழும்புக்கு ஏற்றிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

"பெரிய எடத்துக்கு வெறுங்கையோட போகக்கூடாது" என்று, செழித்த மீவன ஒன்றை அம்மா சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினாள். நான் அப்போதுதான் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கியிருந்தேன். சிங்களத்தில் வெளுத்து வாங்குவேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த அந்த நாளில் கயிறு கட்டிய பொதியோடு பஸ் ஏறுவதைப்போலப் புத்திகெட்ட வேலை வேறில்லை. செடி வாடக்கூடாது என்ற நினைப்பில் இருவருக்கும் அது உறைக்கவில்லை. சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பொதியைக் கண்டதும் சனம் விலகியது.

"மேக்கே மொனவத?" இதில் என்ன என்று ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். சிங்களத்தில் வெளுத்து வாங்கும் நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"அத்த தியன்ன எப்பா!" கைவைக்காதே என்று கத்தினான்.

"மீவன, மாத்தயா, மீவன!" அம்மா கையைத் தலைக்குமேல் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் துப்பாக்கி முனையால் சாக்கைக் கிழித்து டின்னைக் கவிழ்த்தான். வேரும் மண்ணும் ரோட்டில் கொட்டின. போங்கள் என்று தலையாட்டினான்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து மண்ணை அள்ளினாள். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"வாம்மா, பஸ் போயிரும்!"

"இதையும் வுட்டுட்டு எதக் கொண்டுபோயிக் குடுக்கிறது?"

பொலிஸில் பெரியவர் செடியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணனைக் காட்டவுமில்லை. கொடுக்கக் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரக்கூடாதாம். அம்மா அப்படிச் சொல்லி டின்னை வாசலோரம் வைத்துவிட்டு வந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சில நாட்களில் அண்ணனை விட்டுவிட்டார்கள். வந்ததும் சொன்னான்: "வாசல் கூட்டச் சொன்னாங்க. நம்ம டின்னு இருந்துச்சு. அம்மா தேடி வந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு."

அந்தச் சாவடிகள் போய்விட்டன; நல்லதுதான். அம்மாவும் போய்விட்டாள். எங்களைத் தேடிக்கொண்டு இனி யாரும் அப்படி பஸ் ஏறி வரப்போவதில்லை.