ஜெபம் வராத நாளில் தண்ணீர் தூக்கியவர்

ஞானம்மா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் தேயிலை ஃபெக்டரி மாடியில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தேன். மகள் எஸ்தர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "அப்பா, அத்தை நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். "நேத்துத்தானே என்னைத் திட்டினாங்க?" என்று கேட்டேன், ஏதோ திட்டுகிறவர்களுக்குச் சாவு வராது என்பதுபோல. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டும்.

பசறைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் அக்காவை அறியாதவர் இல்லை. கொழுந்து பறித்தவர், எங்கள் சிறிய ஜெபவீட்டின் மணியை அடித்தவர். எனக்கு இரத்த உறவு இல்லை. ஆனாலும் என் மகள் இன்று என் வீட்டில் வளர்கிறாள் என்றால் அதற்கு அவரே காரணம்.

என் மனைவி பிரசவத்தில் சிசுவோடு போய்விட்டபோது எஸ்தர் சின்னப்பிள்ளை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுப்பேன். வேலை முடிந்தால் லயத்து வரிசைவீட்டில் எங்கள் ஒற்றைக் காம்பராவில் சுவரைப் பார்த்துக் குந்தியிருப்பேன். ஜெபவீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. பிள்ளையின் முடி சிக்குப் பிடித்துக் காக்கைக் கூடாகிவிட்டது. ஹாலிஎலவிலிருந்து மனைவியின் அக்கா வந்து பார்த்தார். "பொம்பளப் புள்ளய உங்களால வளக்க முடியாதுங்க. அடுத்த வாரம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அந்த இரவிலிருந்து பிள்ளை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

அந்த ஞாயிறு காலை ஞானம்மா அக்கா வாசலில் நின்றார், கையில் இரண்டு தகர வாளிகள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, முகத்தை அதற்குத் தோதாகத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"எந்திரி தம்பி. பழனியாண்டிக் கங்காணி காலு ஒடிஞ்சு கெடக்காரு. பொஞ்சாதிக்கு முதுகுவலி. பீலியிலேருந்து தண்ணி தூக்க ஆளில்ல."

"எனக்கு ஜெபமே வரமாட்டேங்குதுக்கா. என்னைய விட்டுருங்க."

"எம்மவன் காய்ச்சல்ல போனப்ப எனக்கு மட்டும் வந்துச்சா? 'ஆண்டவரே, வாயி வரல, கையத் தர்றேன், வச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு வாளியத் தூக்கினேன். புள்ளயையும் கூட்டிக்கிட்டு வா."

எங்களை வேலை வாங்குகிற, பெரட்டுக் களத்தில் என்னைக் கண்டாலே சீறுகிற கங்காணி அவர். வேறு வழியில்லாமல் போனேன். மலைத்தண்ணீர் குழாயாக விழும் பீலியில் வாளிகளை நிரப்பித் தூக்கி முடித்ததும், கஞ்சி கிண்டச் சொல்லிவிட்டு அக்கா விறகுக்குப் போய்விட்டார். கிண்டினேன். கங்காணி ஒரு வாய் குடித்தார்.

"ஏன்டா, இது கஞ்சியா, லயத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?"

அவர் மனைவி முதுகைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். எஸ்தரும் சிரித்தாள். தாய் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நானும் சிரித்தேன், பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்சக் கஞ்சியையும் குடித்து முடித்தார்.

பிறகு அந்த அம்மா எஸ்தரை மடிக்கருகில் இருத்தி, எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தார். "பாத்துக்கிட்டு நிக்காத, வந்து பழகு. மாட்டு வால இழுக்கிற மாதிரி இழுக்காத!" என்று என் கையிலும் சீப்பைக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அக்காவிடம், "உதவி செய்யப் போன எடத்துல நம்மளே வாங்கிக்கிட்டு வர்றோமே, வெக்கமா இருக்கு" என்றேன்.

"கொடுக்க மட்டுந்தான் தெரியும்னா அது பெருமை தம்பி. கர்த்தரே கிணத்தடியில ஒரு பொம்பளகிட்ட தண்ணி கேட்டாரே, ஒனக்கென்ன வெக்கம்?"

அந்த வாரம் முழுக்கப் பின்னிப் பழகினேன். மனைவியின் அக்கா வந்தபோது எஸ்தரின் ஒரு சடை தோளிலும் மற்றது காதுக்கு மேலேயும் நின்றது.

"யாரு பின்னினது இந்தக் கோணல?"

"நாந்தாங்க. போகப்போக நேராயிரும். புள்ள எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் எஸ்தரை அருகில் இழுத்தார். சடையை அவிழ்த்து, எனக்குத் தெரியும்படி மெதுவாகப் பின்னிக் காட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் அக்காவுடன் நோயாளி வீடுகளுக்குத் தண்ணீர் தூக்கினேன். ஒருநாள் பீலியடியில் வாளி நிறையக் காத்திருந்தபோது, நான் தேடாமலே ஜெபம் வாயில் வந்து நின்றது.

அக்கா படுக்கையில் விழுந்தபின் அவருக்கும் நாங்கள் தூக்கினோம். கடைசியாக என்னைத் திட்டியதும் அதற்குத்தான்: "வாளிய நெறச்சுக் கொண்டா. அரை வாளி ஊழியம் என்னடா ஊழியம்?"

அந்த இரண்டு வாளிகளும் இப்போது என் வாசலில் இருக்கின்றன. மேல் லயத்தில் மாரிமுத்து மகனைப் பறிகொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிறு எஸ்தரும் நானும் போகிறோம். ஆறுதல் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. "எந்திரிங்க, தண்ணி தூக்க ஆளில்ல" என்று சொல்லத் தெரியும்.