பதினெட்டு வீட்டுக்கு ஒரு முகவரி

சின்ன வயதில் விதுஷா, முகவரி என்பது மலைக்கு இருப்பது, மனுசருக்கு இருப்பதல்ல என்றே நினைத்திருந்தாள். ஸ்பிரிங்வெளிப் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே முகவரி. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கிளாக்கர் அவற்றை நீட்டுவார். வராதவருடைய கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிச் சட்டைப்பையில் வைப்பார். சட்டையை வெளுத்துக் காயப்போட்ட பிறகுதான் ஞாபகம் வரும். விதுஷாவைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கூப்பிட்ட கடிதம் அப்படித்தான் கூழாகி வந்து சேர்ந்தது. தேதியை மட்டும் வாசிக்க முடிந்தது. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

இப்போது இருபத்தாறு வயது. பதுளை டவுனில் ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில், மலையடி வீட்டுரிமைச் சங்கத்தில் வேலை. கடிதம் அடிப்பது, தேத்தண்ணி போடுவது, சர்வரைப் பார்ப்பது, மூன்றும் அவள்தான். சர்வர் என்றதும் கண்ணாடி அறை, குளிரூட்டி என்றெல்லாம் கற்பனை செய்யவேண்டாம். மேசைக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர். மழை நாளில் ஈரத்துணி காயப்போட வசதியான சூடு. அதற்கு ஒரே வேலை: ஒரு மின்னஞ்சல் வந்தால், பட்டியலில் இருக்கிற அறுநூற்றுச் சொச்ச முகவரிக்கும் பிரித்து அனுப்புவது. கிளாக்கர் வேலைதான், சட்டைப்பை மட்டும் கிடையாது.

அந்தப் பட்டியலில் இருந்ததெல்லாம் மண் சரியும் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட லயங்களின் வீடுகள், ஒரே கூரைக்குக் கீழே சுவர் பிரித்த வரிசை வீடுகள். வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுக்கும்போது வீடமைப்பு அலுவலகம் இந்தப் பட்டியலுக்கே அறிவித்தல் அனுப்பும். ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி இணைப்பு வரும். அதைத் திறந்து, குடும்பத் தலைவர் பேரை எழுதி, ஆம் என்று அழுத்தவேண்டும். ஒரு முகவரிக்கு ஒரு வீடு. அறிவித்தலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. முன்பெல்லாம் கையால் எழுதிய பட்டியலில் ராத்திரியோடு ராத்திரியாக ஊர்பேர் தெரியாத ஆட்கள் முளைப்பார்கள். அதனால் இந்த விதியைச் சண்டை போட்டு வாங்கியவரே சங்கச் செயலாளர் சிவஞானம்தான்.

நாலு வருசத்துக்கு முன் தன்னுடைய ஐந்தாம் லயத்தைச் சேர்க்கப் போனபோது விதுஷாவுக்கு ஒரு சிக்கல். வீடு பதினெட்டு, ஒழுங்காகச் சிக்னல் பிடிக்கிற போன் ஒன்று. அது அதே லயத்து அழகையா மாமாவுடையது. அவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து, அதையே எல்லா வீட்டுக்கும் போட்டாள். ஒரே முகவரியை இரண்டு தரம் வாங்கமாட்டேன் என்றது மென்பொருள். அவளா விடுவாள். முகவரிக்கு நடுவில் ஒரு கூட்டல் குறியும் அதற்குப் பின்னால் வீட்டு இலக்கமும் சேர்த்தாள். அப்படிப் போட்டாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் போகும். மென்பொருளுக்கு அது பதினெட்டுப் பேர், அழகையாவுக்குப் பதினெட்டு மணிச் சத்தம்.

தோட்டத்து முகவரியை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அப்போது அது கெட்டித்தனமாகத் தெரிந்தது. சிவஞானம்கூடச் சிரித்தார்.

போன சனிக்கிழமை அவள் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றினாள். பழையதில் ஓட்டை இருக்கிறது, யாரும் உள்ளே புகுந்துவிடலாம் என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. ஏற்றி முடித்துத் தனக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பசறையிலிருந்து புஷ்பம் போன் எடுத்தாள். அந்தப் பக்கத்து லயங்களுக்குப் பொறுப்பு அவள்.

"ஏன்டி, வீட்டுக் கடிதம் புதன்கிழமையே அனுப்பியாச்சுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எங்களுக்கு ஒரு ஈ கூட வரல."

"வரலையாக்கா?"

"இன்னைக்கு நாலு மணிக்கு முடியுதாம். தூங்குறியா அங்க?"

விதுஷா மேசைக்குக் கீழே குனிந்தாள். அறிவித்தல் புதன்கிழமையே வந்திருந்தது. வெளியே போகவில்லை. சர்வரை நிறுத்தி எழுப்பினாள். அசையவில்லை. அனுப்புகிற பகுதி ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது, நாலு நொடி. பிறகு விழுந்தது. மறுபடி எழுப்பினாள், மறுபடி விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது. இன்டர்நெட் லைனும் இருந்தது.

"என்னா புள்ள சொல்லுது அது?" என்று சிவஞானம் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஒண்ணும் சொல்லல சேர். நீங்க மூச்சு விடுறதுதான் கேக்குது."

அவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மென்பொருள் தன் வேலையை எழுதி வைக்கிற பதிவேட்டைத் திறந்து, கடைசியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு தரமும் அது ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு முகவரி. அழகையாவுடையது. புதிய பதிப்பு கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டுப் பார்க்கிறது. ஒரே ஆள் பல பேராக நுழைவதைத் தடுக்கிற ஏற்பாடு. ஒரே முகவரி பதினெட்டுத் தரம் வரவும் குழம்பி விழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் முழு மாகாணமும் வரிசையில் நின்றது.

அதைச் சரிசெய்ய ஒரு கட்டளை இருந்தது. அடித்தாள். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது: இவை ஒரே ஆளுடையவை, ஒன்றாக்கவா?

மணி பதினொன்று ஐம்பது. புஷ்பத்தின் போன் மூன்றாவது தரமாக அடித்தது. சிவஞானம் ஜன்னலில் நின்று யாரிடமோ, "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றாக்கினால் பெட்டி ஒன்றாகும், கடிதம் எப்படியும் பதினெட்டு வரும் என்று அவள் நினைத்தாள். அவ்வளவுகூட நினைத்தாளா என்பது அவளுக்குப் பிறகு நிச்சயமில்லை. ஆம் என்று அழுத்தினாள்.

அறுநூறு கடிதமும் பறந்தன. புஷ்பம் எடுத்து, "வந்திருச்சு, வந்திருச்சு. தூங்குமூஞ்சி," என்றாள். வெலிமடையிலிருந்தும் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கு சிவஞானமே தேத்தண்ணி போட்டார். சீனி போட மறந்திருந்தார், அவள் அப்படியே குடித்தாள்.

இரண்டே முக்காலுக்கு அழகையா பேசினார்.

"தங்கச்சி, ஒண்ணுதான் வந்திருக்கு."

"என்னா மாமா ஒண்ணு?"

"மெயிலுதான். எப்பவும் பதினெட்டு வரும்ல, ஒண்ணு பின்னால ஒண்ணா. மத்தது வரட்டும்னு மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்கேன். ஆளுங்களையும் மலையிலேருந்து கூப்பிட்டு நிப்பாட்டி வச்சிருக்கேன்."

விதுஷா பட்டியலைத் திறந்தாள். ஐந்தாம் லயம்: ஒருவர்.

பழைய பதிப்பின் பிரதியில் பதினெட்டு வீடும் பத்திரமாக இருந்தன. ஆனால் எடுத்துத் திரும்ப ஏற்றினால் இன்றைய தேதி விழும், பிந்திச் சேர்ந்தவர் ஆகிவிடுவார்கள். தேதியைத் திருத்தவும் அவளுக்குத் தெரியும். பிரயோசனமில்லை. அறிவித்தல் புறப்பட்ட அதே நொடியில் முகவரிப் பட்டியலின் பிரதி ஒன்று அலுவலகத்துக்கும் போயிருந்தது.

பழைய பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டு வீடமைப்பு அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி மாத்தையா நல்ல மனுசர். உட்காரச் சொன்னார், தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"சிஸ்டத்துல ஒண்ணுதானே மிஸ் இருக்கு."

"பதினெட்டுக் குடும்பம் இருக்கு சேர். வந்து பாக்கலாம்."

"நான் பாத்திருக்கேன் மிஸ். மேலே வந்திருக்கேன் நான். ஆனா ஒரு மெயிலுக்கு ஒரு வீடு. உங்க சங்கம்தானே கேட்டது." மேன்முறையீடு எழுதித் தந்தால் அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டாள். அவர் பேனாவை மூடினார்.

வெளியே வந்து, மதிலோரம் நின்று அழகையாவுக்குப் போன் எடுத்தாள். மணி மூன்றரை. மறைக்காமல் சொன்னாள், தான் அழுத்தினது உட்பட. அந்தப் பக்கம் லயத்துப் பொதுப் பீலியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஒரு வீடு," என்றார் அழகையா.

"ஒண்ணுதான் மாமா."

"யாரு பேரைப் போடுறது? நீயே சொல்லு. நான் சொன்னா நாளைக்கி இந்தப் பீலியில தண்ணி புடிக்க முடியாது."

"பக்கத்துல யாரு நிக்கிறாங்க?"

"எல்லாரும்தான். ஒங்கம்மாவும் நிக்குது."

விதுஷா மதிலில் சாய்ந்தாள். அவளுடைய வீடு நாலாவது. மழைக்குப் பின்சுவர் கசியும், அம்மா சாக்கை மடித்து அண்டக்கொடுப்பாள்.

"ராக்கம்மா அக்கா வீட்டுச் செவரு வெடிப்பு இப்ப எப்பிடி?"

"முந்தி வெரல் உள்ள போச்சு. இப்ப கையி போகுது. புள்ளைங்களை அந்தப் பக்கம் படுக்க வைக்கிறதில்ல."

"அவங்க பேரைப் போடுங்க."

அழகையா ஒரு விரலால் எழுதுகிறவர். ராக்கம்மாவின் பேரை எழுத அவருக்கு ஏழு நிமிசம் எடுத்தது. அந்த ஏழு நிமிசமும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அனுப்பிட்டேன்," என்றார்.

பிறகு போன் கை மாறியது.

"நம்ம வீட்டுக்குப் பின்னால மண்ணு கசியிறது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள் அம்மா தனலெட்சுமி.

"தெரியும்மா."

"தெரிஞ்சாச் சரி. வாறதுன்னா இப்பவே பஸ் ஏறு. மழை இருட்டிக்கிட்டு வருது. ஒனக்கும் சேத்து ஒலை வைக்கணும்."

விதுஷா பதினேழு பேருடைய தாளைப் பொலித்தீன் பையில் மடித்து வைத்தாள். மேன்முறையீட்டுக்கு ஒவ்வொருத்தரிடமும் கையெழுத்து வாங்கவேண்டும். அதற்கு ஒவ்வொரு வாசலிலும் நின்று, உங்கள் பேரை அழித்தது நான்தான் என்று முதலில் சொல்லவேண்டும். எந்த வீட்டில் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள். எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். லயத்துச் சுவர்கள் அப்படி, முதல் வீட்டில் சொல்லி முடிக்குமுன் மற்றப் பதினாறு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.