அப்பா சுமக்கக்கூடிய மடிக்கணினி

சைப்பிரசிலிருந்து தங்கை அழுதுகொண்டே போன் எடுத்த பிறகுதான், அப்பாவின் காதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது.

"ஆப்பரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கேன்னு சொன்னேன் அக்கா. வவுத்துல தையல் போட்டிருக்குன்னு சொன்னேன். அதுக்கு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'நல்லது, நல்லது, சந்தோசம்'னாரு. அந்தளவுக்கு என் மேல கோவமா அவருக்கு?"

அது 2009ஆம் ஆண்டு. நான் இரத்தினபுரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே போர்டிங்கில் தங்கியிருந்தேன். அப்பா ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். தங்கை இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகச் சைப்பிரசுக்குப் போனாள். அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அவள் புறப்பட்ட அன்று வழியனுப்பக்கூட வராமல் மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றார். ஆகவே அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் தையல் போட்டுக் கிடக்கும் பிள்ளையிடம் சந்தோசம் என்று சொல்கிற மனிதர் இல்லை எங்கள் அப்பா.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் போனேன். அப்பா வழக்கம்போலத்தான் இருந்தார். பஸ்ஸில் சனமா என்று கேட்டார், நான் சொன்னதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். பிறகு நான் அடுப்படியில் அவருக்கு முதுகைக் காட்டி நின்றபடி, "அப்பா, சீனி எவ்வளவு போட?" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி, அவர் நிமிரும் வரை காத்திருந்து, வாயை மட்டும் அசைத்தேன். சத்தமே போடவில்லை.

"அரைக் கரண்டி போதும்" என்றார்.

முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலர்களின் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் யாரும் யாருடைய பேச்சையும் காதால் கேட்பதில்லை, வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால், காது போனதே வெளியில் தெரியவில்லை. தமிழாயிருந்தாலும் சிங்களமாயிருந்தாலும் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்.

"எப்ப இருந்துப்பா?" என்று கேட்டேன்.

"மொகத்தப் பாத்தா வெளங்குது. போன்ல மொகம் இல்லையே" என்றார். பிறகு, பிடிபட்டவர் போல மெதுவாக, "சின்னபுள்ள நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான்னு நெனச்சு, நல்லதுன்னு சொல்லிருவேன்" என்றார்.

அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஆப்பரேசன் விசயத்தைச் சொன்னேன். இப்போது சுகம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா?"

"கடைக்கு. போன்ல அவகிட்ட பேசணும்."

பொத்தானைப் பாதி போட்டவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். காதில் வைக்கிற மெசின் ஓரளவுக்கு உதவும், ஆனால் சொற்கள் தெளிவாகக் கேட்காது என்றார் டாக்டர். வாங்கி மாட்டிப் பார்த்தோம். போனைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அது கீச்சென்று விசிலடித்தது. அப்பா அதைக் கழற்றிக் கையில் தந்துவிட்டார்.

மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்த பிள்ளைதான் அந்த வழியைச் சொன்னாள். அவளுடைய மாமா இத்தாலியில். ஞாயிறு தோறும் லெப்டொப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்களாம். தங்கையிடம் அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னேன், அவள் அரைமனதாகத்தான் நம்பினாள்; முகம் பார்த்துப் பேச வழி உண்டா என்றும் கேட்டேன். அவள் வேலை செய்த வீட்டிலும் கணினி இருந்தது, ஞாயிறு மத்தியானம் அதை அவள் பாவிக்க விடுவார்கள். அங்கே மத்தியானம் என்றால் எங்களுக்குப் பின்னேரம்.

கூட வேலை செய்தவள் தன்னுடைய பழைய மடிக்கணினியையும், இன்டர்நெட்டுக்குச் செருகும் டொங்கிளையும் ஒரு ஞாயிறுக்கு இரவல் தந்தாள். லயத்தில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தேயிலை மலையில் ஏறி ஏறிப் பார்த்து, கடைசியில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கி வைக்கும் தாங்கிக்குப் பக்கத்தில் மூன்று கோடு வந்தது. அது லயத்திலிருந்து இருபது நிமிட ஏற்றம். அந்தக் கணினியோ ஒரு சீமெந்துக் கல்லைப் போலக் கனத்தது. அப்பா பாதி வழியில் தோளை மாற்றினார், பிறகு இன்னொரு தடவை மாற்றினார். மேலே போய்த் திறந்து அரைவாசி வேலை முடிவதற்குள் பெட்டரி செத்தது. அங்கே கரண்ட் இல்லை. வெறும் கையோடு இறங்கி வந்தோம்.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்று தெளிவானது. அதுவரை, விலை குறைந்த ஏதாவது ஒன்று போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தது: அறுபத்து நான்கு வயது மனிதர் மலையேற்றத்தில் தூக்கக்கூடிய பாரம், கரண்ட் இல்லாமல் இரண்டு மணித்தியாலம் தாங்கும் பெட்டரி, உள்ளேயே கெமரா. வேறெதுவும் வேண்டாம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் கடையில் என்னோடு மட்டும்தான் பேசினார்கள். பெரிய திரை, டிவிடி போடலாம், கேம் விளையாடலாம் என்று ஒன்றைக் காட்டினார்கள். என்னால் எட்ட முடியாத விலை. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படியின் கீழே. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். நான் ஏதும் சொல்வதற்கு முன்பே, "எங்க வச்சிப் பாவிக்கப் போறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. தண்ணீர்த் தாங்கியைப் பற்றிச் சொன்னேன். அப்பாவின் காதைப் பற்றியும் சொன்னேன். அவர் உடனே அப்பாவின் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேரே பேசத் தொடங்கினார்.

மேசையில் மூன்றை வைத்தார். அப்பா ஒவ்வொன்றாகக் கையிலெடுத்தார். மிகச் சின்னது பள்ளிக்கூடக் கொப்பி அளவுதான் இருந்தது. அதன் எழுத்துகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்கினார், வைத்துவிட்டார். பெரியதை வைத்துவிட்டார். நடுவில் இருந்ததை ஒரு கையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே கொஞ்சம் நடந்தார்.

"இது சொமையே இல்லையே" என்றார்.

"நெட்புக்னு சொல்றது. உண்மையச் சொல்லிர்றேன்" என்றார் கடைக்காரர். "இதுல சீடி போட ஏலாது. பெரிய வேலையெல்லாம் செய்யாது. ஆனா கெமரா உள்ளயே இருக்கு, பெட்டரி மூணு மணித்தியாலம் தாங்கும், மகள்ட மொகத்தப் பாக்க இது போதும். போன வருசத்து மாடல், அதனால வெலையும் கொறவு."

அப்பாவின் விரல்களுக்கு அந்தத் தடவுகிற சதுரம் மட்டும் ஒத்துவரவில்லை. தொழிற்சாலை வேலையில் தோல் தடித்துப்போன விரல்கள், அம்புக்குறி அசைய மறுத்தது. கடைக்காரர் ஒரு மௌஸைச் செருகிக் கையில் கொடுத்தார். பிறகு திரையிலிருந்த எல்லாப் படங்களையும் அழித்து, பேசுவதற்கான ஒன்றை மட்டும் நடுவில் பெரிதாக வைத்தார். "ஐயா, இத ரெண்டு தரம் அமத்துங்க. வேற ஒண்டையும் தொட வேணாம்."

அப்பா அமத்திப் பார்த்தார். நாலாவது தடவை சரியாக வந்தது. நான் சீட்டில் எடுத்து வைத்திருந்த காசு அதற்கும் ஒரு டொங்கிளுக்கும் போதுமாயிருந்தது.

முதல் ஞாயிறு உருப்படவில்லை. வெயிலில் திரை கண்ணாடி மாதிரி மின்னி எங்கள் முகத்தையே காட்டியது. இரண்டாம் ஞாயிறு அப்பா குடையோடு வந்தார். தாங்கியின் சுவரோரம் நான் குடையை விரித்துப் பிடிக்க, அவர் மடியில் நெட்புக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரிங் போனது. ஒரு கறுப்புச் சதுரம், பிறகு கட்டங் கட்டமாக நிறங்கள், பிறகு தங்கை.

அவள் வாய் அசைந்தது. படம் நின்று நின்று வந்ததால் அப்பாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திரைக்கு மிக அருகே குனிந்தார். "வெளங்கலையே, புள்ள, வெளங்கலையே" என்றார். இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

திரையிலிருந்து தங்கை எழுந்து போய்விட்டாள். காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தவள் கையில் ஒரு கொப்பியும் தடித்த பேனாவும் இருந்தன. எழுதி, கெமராவுக்கு நேரே பிடித்தாள். படம் மீண்டும் உறைந்தது. உறைந்தது நல்லதாய்ப் போயிற்று, எழுத்து அசையாமல் நின்றது. அப்பா பேப்பர் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"அப்பா, என் மேல கோவமா?"

அவருடைய குரல் அவளுக்கு நன்றாகக் கேட்டது. நெட்புக்கின் பக்கத்தில் இருந்த சின்னத் துளையைப் பார்த்து, ரோலர் ஓடுகிற இடத்தில் கத்துவது போலக் கத்தினார். "கோவமில்ல புள்ள! காது கேக்கலம்மா எனக்கு! நீ ஆஸ்பத்திரியில கெடந்தது பெரியபுள்ள சொல்லித்தான் தெரியும். ரொம்ப வலிச்சிச்சா?"

அவள் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அடுத்த பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: "இப்ப வலியில்ல. நீங்க மெலிஞ்சிட்டீங்க."

"நானா? நீதான் மெலிஞ்சிருக்க!"

அவர் பேச, அவள் எழுத, ஒரு மணித்தியாலம் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தண்ணீர் திறந்துவிடும் சிங்கள ஐயா, "மொகத மே?", என்ன இது என்று கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா திரையை அவர் பக்கம் திருப்பி, "மகே பொடி துவ" என்று தன் சின்ன மகளைச் சிங்களத்தில் அறிமுகப்படுத்தினார். ஐயா திரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். தங்கையும் ஆட்டினாள். அன்று அவள் பதினேழு பக்கம் எழுதியதாகப் பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு நான் கூடப் போனேன். மூன்றாவது ஞாயிறு மருந்துக்கடையில் சரக்குப் பார்க்கும் வேலை வந்துவிட்டது, லீவு கிடைக்கவில்லை. அப்பா தனியாக ஏற வேண்டும், தனியாகத் திறக்க வேண்டும், அந்த ஒன்றை இரண்டு தரம் அமத்த வேண்டும். நாலு மணியிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. மாத்திரைப் பெட்டிகளைத் தப்புத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்கு என் போனில் தங்கையின் மெசேஜ் வந்தது. "அப்பா தனியாவே வந்துட்டாரு அக்கா. மொதல்ல பத்து நிமிசம் அவரு தலைமுடி மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. தெரையக் கீழ சாய்ங்கன்னு எழுதிக் காட்டுனேன். சாய்ச்சாரு. நீ இனி பஸ்ல அலையாத."

அதை இரண்டு தடவை வாசித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்ததென்னவோ பசி. காலையிலிருந்து ஒரு பிளேன்டீ தவிர எதுவும் வயிற்றில் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய், நாலு பராட்டாவும் கறியும் வாங்கி, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.