மொசைக் போட்ட டிஸ்கோ ராஜா

கொரியாவில், யோங்தெங்போ சந்தைப் பக்கம் பியோ சாங்தேக் என்று ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்குகிற வயது. வாயைத் திறந்தால் டிஸ்கோ கிளப்புகளுக்குப் பேர்போன இத்தேவோன்தான். "எழுபத்தொன்பதாம் வருஷத்துல இத்தேவோன்ல போய்க் கேட்டுப் பாருங்க, டிஸ்கோ ராஜா யாருன்னு" என்று ஆரம்பித்தாரென்றால் சூப் ஆறிப்போகும், அவர் நிறுத்த மாட்டார். போய்க் கேட்க யாருக்கு நேரம்? அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

உண்மை வேறு. இத்தேவோனில் ஒரு டிஸ்கோ கிளப்புக்குப் பின்சந்தில் ஒரு சலவைக்கடை இருந்தது. அதில் இஸ்திரி போட்டவர் இவர். கிளப்புக்குப் போன பெல்பாட்டம்கள் எல்லாம் இவர் கையால் மடிப்பு வாங்கியவை. ஒரே ஒரு தடவை, வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளை சூட்டை மாட்டிக்கொண்டு கிளப் வாசல்வரை போனார். வாசலில் நின்ற காவல்காரன் அந்த சூட்டுக்காரரின் சொந்தத் தம்பி. அத்தோடு ராஜ்ஜியம் முடிந்தது. அப்புறம் யோங்தெங்போவில் சொந்தமாக ஒரு சலவைக்கடை, கல்யாணம், மனைவியின் சாவு, கடையை மூடியது என்று வாழ்க்கை ஓடிவிட்டது. டிஸ்கோ மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது.

இப்போது அவருடைய பகல்பொழுது முழுக்க 'அன்னப்பறவை'யில் கழிகிறது. அது ஒரு கோலாடெக். வயசானவர்கள் பட்டப்பகலில் ஜோடி சேர்ந்து ஆடும் கூடம். மதுவுக்குப் பதில் கோலா கொடுப்பதால் அந்தப் பெயர். அங்கே ஆண்கள் எல்லோரும் 'முதலாளி', பெண்கள் எல்லோரும் 'அம்மணி'. சொந்தப் பெயர் எதற்கு, வம்பு! மலையேறப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மலையேறும் உடுப்பிலேயே வந்து, கழிப்பறையில் பளபளக்கிற சட்டைக்கு மாறுவார்கள். சாயங்காலம் திரும்ப மாற்றிக்கொண்டு, களைத்துப்போன முகத்தோடு வீடு போய்ச் சேருவார்கள். அவர்கள் ஏறாத மலை கொரியாவிலேயே கிடையாது.

சாங்தேக்கின் ஆட்ட ஜோடி ஓக்புன் அம்மணி. மகன், மருமகள், பேரனோடு இருக்கும் விதவை. அவருடைய மகனுக்குத் தெரிந்தவரை அம்மா தினமும் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சியில் இருக்கிறார். ஓக்புன்னின் கையைப் பிடிக்க இன்னொருவரும் காத்திருந்தார். வோன்பே என்று பெயர், ஓய்வு பெற்ற ரயில் கார்டு, முழங்கால் இன்னும் மடங்குகிற மனுஷன். சாங்தேக்குக்கு அப்படி முழங்கால் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் அந்த இத்தேவோன் கதைதான். அது போனால் ஓக்புன்னும் போய்விடுவார் என்கிற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் பாடகி சேபியோல் வந்து சேர்ந்தாள். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் பாடினாலே 'கம்பேக்' என்று கொட்டு முழக்குகிற ஊர் இது. இவளோ எட்டு வருஷமாக ஆளையே காணோம். இப்போது 'வெள்ளிப் பந்து' என்று டிஸ்கோ ஆல்பம் ஒன்றோடு வருகிறாள். வீடியோவுக்கு 'அசல் டிஸ்கோ தலைமுறை' வேண்டும் என்று அவளுடைய கம்பெனி ஆட்கள் அன்னப்பறவையின் கதவைத் தட்டினார்கள்.

கேமராவைப் பார்த்ததும் கூடத்தில் பாதிப்பேர் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். "பயப்படாதீங்க, எல்லார் முகத்துக்கும் மொசைக் போட்டுடுவோம்" என்றாள் டைரக்டர் பெண். முகத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்துவிடுவதுதான் மொசைக். "முகம் தெரியலாம்னு நினைக்கிறவங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்க."

சாங்தேக் ஓர் அடி எடுத்து வைத்தார். இதற்காகத்தானே இத்தனை வருஷமும் காத்திருந்தார்! பின்னாலிருந்து சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். ஓக்புன்.

"எங்க போறீங்க முதலாளி?"

"முகம் காட்டத்தான்."

"காட்டுங்க, நல்லாக் காட்டுங்க. என் மகன் பத்து வருஷம் உங்க கடையிலதான் சட்டை வெளுக்கப் போட்டான். சலவைக்கார ஐயா யார் கையைப் பிடிச்சிட்டு நிக்கிறார்னு உத்துப் பார்ப்பான். தேவாலயத்துல இருக்கிற அம்மா இங்க எப்படி வந்தாங்கன்னு கேப்பான். நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

"அப்ப நான் தனியா ஆடுறேன்."

"ஆடுங்களேன். எனக்கு வோன்பே முதலாளி இருக்கார்."

எடுத்து வைத்த காலைப் பின்னால் வைத்தார் சாங்தேக். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சேபியோல் உடம்பெல்லாம் வெள்ளிச் சில்லோடு வந்தாள். "நம்ம காலத்து டிஸ்கோவை இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றாள். அவள் சொன்ன காலத்தில் அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் பெண் ஒரு விரலை வானத்துக்கும் ஒரு விரலைத் தரைக்கும் நீட்டிக் காட்டினாள். டிஸ்கோ ராஜா விரலை வானத்துக்கு நீட்டினார், இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஐயோ பெரியவரே, வேண்டாம் விடுங்க! நீங்க வழக்கமா என்ன ஆடுவீங்களோ அதையே ஆடுங்க."

வழக்கமான ஜோடி ஆட்டமே ஆடினார்கள். முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி. திரும்பும்போது சாங்தேக்கின் இடதுகால் இழுத்துக்கொண்டு வந்து ஓக்புன்னின் காலை மிதித்தது. அம்மணி பட்டென்று இவர் தோளில் ஒன்று வைத்தார். கேமராக்காரன் சிரித்துக்கொண்டே அதை எடுத்தான்.

வீடியோ வெளியானது. சேபியோல் வெள்ளிப் பந்துக்குக் கீழே சுழன்று சுழன்று ஆடினாள், யாரும் கண்டுகொள்ளவில்லை. முகம் கலைந்துபோன ஒரு கிழவர் காலை மிதிப்பதையும், முகம் கலைந்துபோன ஒரு கிழவி தோளில் அடிப்பதையும்தான் ஊரே திரும்பத் திரும்பப் பார்த்தது. அந்தக் கிழவருக்கு 'மொசைக் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை மிதித்து, தோளில் அடித்து ஆடினார்கள். அலுவலகங்களில் ஆடினார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடினார்கள்.

சாங்தேக்குக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவரிடம் ஓர் உண்மையான பெருமை இருந்தது! முடிதிருத்தும் கடையில் போய்ச் சொன்னார். "ஆமாமா, நேத்து எங்க மாமனாரும் இதையேதான் சொன்னார்" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் கத்தரியைச் சாணை பிடித்தார். அன்னப்பறவையிலேயே நான்கு முதலாளிகள் மொசைக் மாமாவாகிவிட்டார்கள். படம் பிடித்த அன்றைக்கு நிஜமாகவே மலையில் இருந்த ஒருவர்கூட அதில் சேர்த்தி. வோன்பேயோ முழங்காலை மடக்காமல் இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்.

"அம்மணி, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அது நான்தான்னு."

"சொல்லலாம். 'உங்களுக்கு எப்படித் தெரியும்'னு என்னை யாராவது கேட்டா?"

ஓக்புன் கோலாவை உறிஞ்சிக்கொண்டே மேலும் சொன்னார்: "நேத்து என் பேரன் எனக்கு அந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தான். 'நீ அடிக்கிறது தப்பு பாட்டி, அந்தப் பாட்டி மாதிரி அடி'ன்னான். மகன் பக்கத்துல உக்காந்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். நான் வாயை மூடிட்டு இருக்கலையா? நீங்களும் மூடுங்க ராஜா."

ஒருநாள் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இந்த மொசைக் பைத்தியத்தைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்கிறாளாம். சாங்தேக் நேராக அவள்முன் போய் நின்றார்.

"நான்தான்மா அந்த மொசைக் மாமா."

"சந்தோஷம் ஐயா. இங்க நீங்க அஞ்சாவது ஆள்" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவர் திரும்பி ஓக்புன்னைப் பார்த்தார். ஓக்புன் சின்னக் கண்ணாடியை எடுத்துவைத்து மும்முரமாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வோன்பே அவருக்குப் பாக்கெட் காபி கலக்கிக்கொண்டிருந்தார். சாங்தேக் தொண்டையைச் செருமிக்கொண்டு தொலைக்காட்சிப் பெண்ணிடம் திரும்பினார்.

"அதை விடும்மா. எழுபத்தொன்பதுல இத்தேவோன்ல டிஸ்கோ ராஜா யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. "நிஜமாவா? இருங்க இருங்க, கேமராவைப் போட்டுக்கறேன். முகத்துக்கு மொசைக் போடணுமா ஐயா?"

"தனியாத்தானே எடுக்கிறே? வேண்டவே வேண்டாம்!"

அளந்தார், அளந்தார், அப்படி அளந்தார். வெள்ளை சூட் வந்தது, சூட்டுக்குள்ளே அவரே வந்தார், வாசல் காவல்காரன் சலாம் வைத்தான். அவள் ஒரு வார்த்தையும் சந்தேகப்படவில்லை. கடைசியில், "ராஜா, இப்ப ஊரே ஆடுற மொசைக் ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடிக் காட்டுங்களேன்" என்றாள். சாங்தேக் ஆசையாக எழுந்தார். பிடிக்கக் கை இல்லை. மிதிக்கக் கால் இல்லை. வெறும் தரையில் இடதுகாலை இழுத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஒளிபரப்பானது. முகம் பளிச்சென்று தெரிந்தது, அதில் குறையே இல்லை. 'இத்தேவோனின் டிஸ்கோ ராஜா' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர் ஆடிய இடத்தில் கீழே சின்னதாக இன்னொரு வரியும் ஓடியது: 'பாவம், மொசைக் ஆட்டம் மட்டும் ராஜாவுக்கு வரவில்லை.'