பன்னிரண்டு போத்தலும் ரெண்டு கிலோவும்

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரவேலை பார்த்த ஆண்டியப்பனை எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள், தச்சருக்கு அங்கே அதுதான் பேர். கதவோ சவப்பெட்டியோ, எதைச் சொன்னாலும் செய்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கே 2007இல் மனேஜர் ஒருவர் நீட்டிய படத்தைப் பார்த்துத் தலை கிறுகிறுத்தது. பழைய பங்களாவை விடுதியாக்கிக்கொண்டிருந்தவர் அவர். படத்தில் ஒரு மேசை. ரெண்டு பலகைக்கு நடுவே ஆறு ஓடுகிற மாதிரி நீலக் கண்ணாடி. கண்ணாடியும் இல்லையாம், ரெசின் என்று ஒரு பசையாம், ஊற்றினால் கல்லாக இறுகிவிடுமாம்.

இந்த மேசை சரியாக வந்தால் விடுதி மரவேலை முழுக்க ஆண்டியப்பனுக்கு. வராவிட்டால் கொழும்புப் பட்டறைதான் கதி, தோட்டத்தில் அந்த வருசம் வேலையே இல்லை. யுத்த காலம், அடையாள அட்டை இல்லாமல் வழிச் சோதனையைத் தாண்டவே முடியாது. தமிழ்ப் பெயரோடு கொழும்பில் அறை எடுத்துத் தங்குகிறவன் பாடு அந்த நாளில் என்னவென்று யாருக்குத் தெரியாது? ராத்திரி சோதனையில் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் பொலிசில் போய்த் தேடுவது? ஆண்டியப்பனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை.

பசை எவ்வளவு வேண்டும் என்பதில்தான் சிக்கல். பலகையின் ஓரம் கோணல் மாணல், அடிமட்டத்துக்கு அடங்காது. பாஸ் லேசுப்பட்ட ஆளா? நடுவில் பொலித்தீனை விரித்து, முக்கால் லீட்டர் சாராயப் போத்தலால் தண்ணீர் ஊற்றி எண்ணினார். பன்னிரண்டு போத்தல், ஒன்பது லீட்டர். ஆகவே ஒன்பது கிலோ என்று முடிவு கட்டினார். கொழுந்து, கோதுமை மா, சீனி எல்லாம் கிலோவிலேயே பார்த்துப் பழகிய ஊர், வேறெப்படி நினைப்பார்.

ஹட்டனில் தொலைபேசிக் கடைக்குப் போனபோது மனைவி நாகலெட்சுமியும் கூட வந்தாள். பசை விற்கும் கொழும்புக் கடைக்காரரிடம் போனில் அவர் ஒன்பது என்று சொல்ல வாயெடுத்ததும் அவள் கையைப் பிடித்தாள்.

"பதினொண்ணுன்னு சொல்லுங்க."

"ஏன் புள்ள, நான்தான் அளந்தேன்ல?"

"பதினேழு வருசமா கொழுந்து பறிச்சு நிறுக்கக் குடுக்கிறேங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும்னு ரெண்டு கிலோ வெட்டாம என்னைக்காவது விட்டாங்களா? தராசுல ஏறுற சாமான்னா ரெண்டு கிலோ மேல வச்சுக்கணும்."

பசைக்கு ஏது சாக்கும் ஈரமும்? ஆனால் கடைக்குள் பொண்டாட்டியோடு வாய் கொடுக்க யாரால் முடியும்? பதினொன்று என்றே சொன்னார். மிஞ்சுவதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனதில் ஒரு கணக்கு.

டின்கள் லொறியில் வந்து சேர்ந்தன. ரெண்டு கிலோவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்பது கிலோவைக் கலக்கி ஊற்றினார். நீலம் பரவியது, ஏறியது, விளிம்புக்கு அரை விரல் இருக்கையில் நின்றுவிட்டது. வாளியை வழித்தார், சொட்டுக்கூட இல்லை. அன்றைக்கே நிரப்பாவிட்டால் நடுவில் கோடு விழும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இன்னொரு டின் வர நாலு நாள் ஆகும். பாஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

அப்புறம்தான் ஒதுக்கிய ரெண்டு கிலோ ஞாபகம் வந்தது. அவசர அவசரமாகக் கலக்கி ஊற்றினார். மர வெடிப்புகள் கொஞ்சத்தைக் குடித்தன, மீதி விளிம்பைத் தொட்டு நின்றது, ஒரு கோப்பை மிஞ்சியது. பசை தண்ணீரை விடக் கனம், ஒன்பது கிலோவில் ஒன்பது லீட்டர் வராது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடக்கடவுளே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருசத்தில் தராசுக்காரன் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் போல.

அந்தக் குளிருக்கு இறுக நாலு நாள் பிடித்தது. மனேஜர் மேசையைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

ஆண்டியப்பன் நேரே மலைக்கு ஏறினார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமியிடம் போய், "கொழும்புக்குப் போகலை புள்ள," என்றார்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "அப்பாடா," என்றாள். "போற நாள் வந்தா நீங்க தூங்குறப்ப அடையாள அட்டைய எடுத்து ஒளிச்சு வச்சுடலாம்னு இருந்தேங்க."