எட்டாத தட்டு

என் அக்கா வீட்டுக்காரர் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. அக்கா நல்ல உயரம். இருவரும் சேர்ந்து நடந்தால், அக்கா ஒரு பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது போல இருக்கும். கல்யாண போட்டோவுக்கு மாமாவைப் பலகைமேல் ஏற்றி நிற்கவைத்தார்கள். அந்தப் பலகையைச் சொல்லியே நான் அவரைக் காலம்காலமாகக் கிண்டல் செய்துவருகிறேன். மாமா சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதர். கோபத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. எனக்குக் கோபம் வந்தால் கத்திவிடுவேன், அக்காவுக்கு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். கத்துகிறவர்களோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி.

மண்டப அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனியில் மாமா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பூவை ஏற்றி, இறக்கி, வேலை முடிகிறவரை வண்டியில் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் சீட்டாடுவார்கள். இவர், காம்பு ஒடிந்தது என்று ஒதுக்கிய பூக்களைப் பொறுக்கிவந்து தண்ணீர் பாட்டிலில் அடுக்கிப் பார்ப்பார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே எப்போதும் ஒரு பாட்டில் பூ இருக்கும். கம்பெனி மேடையில் நிற்பதைவிட அது நன்றாக இருக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு விட்டிருக்கலாம், மனிதர் மனதில் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, தையல் கடைக்குப் பக்கத்தில் பூக்கடை வைக்க ஓர் அறையை வாடகைக்குப் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

பொய் சொல்லத் தெரிந்த புருஷனாக இருந்தால் ஏதாவது சமாளித்திருப்பார். இவர், கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார். அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. எதிரே அவர் உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க மாமாவுக்கு சாப்பாடு மேஜைல இருக்குன்னு சொல்லு" என்பாள் என்னிடம். நானும் இரண்டடி தூரத்துக்குத் தபால்காரி வேலை பார்த்தேன். அவர்கள் ஒப்பந்தம்கூட என் வாய்வழியாகத்தான் நடந்தது. இந்தக் கல்யாண சீசன் முடியட்டும். அதற்குள் கடை காலூன்றவில்லை என்றால் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி வேன் ஓட்டப் போக வேண்டும். மாமா தலையாட்டினார்.

எனக்கு அப்போது வேறு வேலை இல்லாததால் கடையில் நானும் சேர்ந்துகொண்டேன். மூடிப்போன ஒரு பால் கடையிலிருந்து பழைய குளிர்ப்பெட்டி ஒன்றை வாங்கிப்போட்டோம். இரும்புக் கதவு, உள்ளே விளக்குக் கிடையாது, பீரோவைவிட உயரம். பூ வாளிகளைக் கீழே வைத்தோம். மேல் தட்டு எங்கள் இருவருக்கும் எட்டவில்லை. நெட்டையாக ஒரு ஆள் வேலைக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமாவைச் சீண்டினேன். அத்தோடு அதை மறந்துவிட்டோம்.

அக்கா ஒரு பெரிய கடையில் பழப்பிரிவில் வேலை பார்க்கிறாள். அதிகாலையிலேயே போக வேண்டும். போகிற வழியில் பூக்கடையைத் திறந்து, தரையைக் கழுவி, காய்ந்த இலைகளைப் பெருக்கிவிட்டு, நாங்கள் வருவதற்குள் போய்விடுவாள். பேசத்தான் மாட்டாள், பெருக்குவாள். அவள் கோபம் அப்படி.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர் வாரம் ஒரு கொத்து வாங்கினார். மாமாவுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. ஒரு மத்தியானம் கண் இருட்டிவர, கவிழ்த்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தையல்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று மாமா எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டார். நான் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. முதல்நாள் மாலை மலர்ந்து நின்ற கார்னேஷன் பூ மறுநாள் காலையில் இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கி வழிந்தது. வேறு சில பூக்கள், தொட்டால் பொலபொலவென்று கொட்டின. வாங்கிப்போனவர்கள் திரும்பி வந்து முகத்துக்கு நேரே நீட்டினார்கள். தண்ணீரை மாற்றினோம், வாளிகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்தோம். மெக்கானிக் வந்து பின்பக்க மோட்டாரைப் பார்த்து, பெட்டியில் ஒரு குறையும் இல்லை, குளிர் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருவரைத் திட்டினார், பூ சப்ளை செய்கிறவரை. பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறாய் என்று போனில் கத்தினார்.

எனக்கு வேறொரு சந்தேகம். கடைச் சாவி இன்னொருத்தியிடமும் இருக்கிறது. கடை மூட வேண்டும் என்று நினைப்பவளும் அவள்தான். பெருக்கும்போது பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, போகும்போது போட்டுவிட்டுப் போகிறாளோ? கூடப் பிறந்தவளை இப்படி நினைக்கிறாயே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கேட்டேவிட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, எனக்கு வேறு வேலையில்லையா என்றாள். அது பதிலா, பதில் இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. மாமாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்கு மேடை வளைவும் மேஜைப் பூக்களும் சொன்னார். எல்லாம் வெள்ளை கார்னேஷன். மாமா வேன் ஓட்டிக்கொண்டு போய்க் காத்துக்கிடந்த அதே மண்டபம். பழைய முதலாளியும் விருந்தாளியாக வருகிறாராம். இதில் ஜெயித்தால் கடை நிற்கும், சொதப்பினால் அந்த ஆள் முன்னாலேயே வேன் சாவியைக் கேட்டு நிற்க வேண்டியதுதான். மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தைய நாள் மாலை பூ வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து வாளியில் வைத்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் கதவைத் திறந்தேன். ஒரு பூகூட விழித்திருக்கவில்லை.

மாமா போனை எடுத்து சப்ளையரைக் கூப்பிட்டார். என் வாழ்க்கையை நாசம் பண்ணிவிட்டாய் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. சப்ளையர் நல்ல நெட்டை. எங்கள் கதவுக்குக் குனிந்துதான் வர வேண்டும். கையில் ஒரு கட்டு வெள்ளை கார்னேஷன், விரிந்து, பளிச்சென்று.

"அண்ணே, நேத்து உங்களுக்குக் குடுத்த அதே அட்டைப்பெட்டியில மிச்சம் இருந்தது இது. ராத்திரி என் வண்டியிலதான் கெடந்துச்சு. இப்ப சொல்லுங்க, யாரு சரக்கு கெட்டது?"

சப்ளையர் விடுவிடுவென்று போய்ப் பெட்டியைத் திறந்தார். குனிந்து வாளிகளைப் பார்த்தார், நிமிர்ந்தார், அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேல் தட்டுக்குள் கையை விட்டுக் காகிதப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆப்பிள், பேரிக்காய், தோல் கறுத்த வாழைப்பழம். சில பைகள் அடியில் ஈரமாகிப் பிய்ந்திருந்தன. கடைக்குள் பழுத்த வாசனை பரவியது.

பழத்தையும் பூவையும் யாராவது ஒரே பெட்டியில் வைப்பார்களா என்று கேட்டார் சப்ளையர். பழுக்கிற பழம் விடும் ஆவி பட்டால் பூ கிழடாகிவிடும், பழக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக்கூடத் தெரியுமே என்றார். மாமா மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேனில் ஒரு வாழைப்பழம் வைத்திருந்தாலும் பழைய முதலாளி திட்டுவாராம், வண்டி நாறும் என்பதற்காகத் திட்டுகிறார் என்று இவர் நினைத்திருந்தாராம்.

அந்தப் பைகளில் இருந்தது அக்கா வேலை பார்க்கும் கடையின் முத்திரை. அதை மாமாவும் பார்த்தார்.

"இத யாருண்ணே வெச்சது?"

"நான்தான் வெச்சேன். மறந்துட்டேன். உன்னத் திட்டுனதுக்கு மன்னிச்சுக்க தம்பி."

"பலகை போட்டு ஏறி வெச்சீங்களாக்கும்" என்றேன். என் வாய் அப்படி. ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. என் அக்கா இப்படிச் செய்வாளா, கட்டினவன் பிழைப்பில் இப்படி மண்ணள்ளிப் போடுவாளா? அந்த நேரம் பார்த்து அவளே வாசலில் வந்து நின்றாள். கல்யாணத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள், லீவு போட்டிருந்தாள். கையில் இன்னொரு காகிதப் பை.

நான் பாய்ந்தேன். "ஏன்க்கா இப்படிச் செஞ்ச?" என்று கத்தினேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மேஜைமேல் இருந்த பைகளைப் பார்த்தாள். ஒரு பையைத் திறந்து, சுருங்கிப்போன ஆப்பிளை எடுத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக அவரிடம் பேசினாள்.

"ஒண்ணக்கூட தொடலல்ல நீங்க?"

"எத?"

"மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னு தையல்காரர் சொன்னாரு. அன்னிலேர்ந்து வெக்கிறேன். நான் வெச்சதச் சாப்பிட்டா கௌரவம் கொறஞ்சிடும்னு அப்படியே விட்டு வெச்சிருக்கீங்க. நானா எடுக்கறதான்னு நானும் எடுக்கல."

மாமா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மேல் தட்டைப் பார்க்க அவர் தலையை அண்ணாந்துதான் ஆக வேண்டும். அண்ணாந்தார்.

"அது என் கண்ணுக்குத் தெரியற எடமா?"

அக்காவும் அந்தத் தட்டைப் பார்த்தாள். அவள் கைக்குச் சுலபமாக எட்டும் தட்டு அது. இருட்டில் கையை நீட்டி வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். பழத்துக்குப் பக்கத்தில் பழம் இருந்தால் கெடும் என்பது அவளுக்குத் தெரியும், பூவும் கெடும் என்று தெரியாது. கீழே வாளியில் தலை கவிழ்ந்து நின்ற பூக்களை அப்போதுதான் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா போனைக் கையில் எடுத்தார். டீச்சரைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அதோடு எல்லாம் முடிந்துவிடும். எண்ணைத் தேடிய விரல் நின்றது. அக்காவைப் பார்த்தார்.

"என்ன பண்ணலாம்? நீ சொல்லு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையிலிருந்த பழப்பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, வண்டியில் வேறு என்ன வெள்ளைப் பூ இருக்கிறது என்று சப்ளையரைக் கேட்டாள். சாமந்தி இருந்தது, வேறொரு கடைக்குப் போக வேண்டியது. சப்ளையர் மூக்கைச் சொறிந்துகொண்டு எங்களை ஒருமுறை பார்த்தார். அப்புறம் இறக்கிக் கொடுத்தார்.

மண்டபத்தில் விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். மாமா கம்பியில் இலை சுற்றினார், நான் காம்பு நறுக்கினேன். வளைவின் உச்சிக்கு ஏணி தேடிக்கொண்டிருந்தேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் ஏறிக் கையை உயர்த்தினாள், எட்டியது. மாமா கீழிருந்து ஒவ்வொரு பூவாகக் கொடுக்க, அவள் மேலே செருகினாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்பார் அவர், தெரியும் என்பாள் அவள். பழைய முதலாளி வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். டீச்சர் வந்ததும், கார்னேஷன்தானே சொன்னேன் என்று முகத்தைச் சுளித்தார். தவறு எங்களுடையது, பெட்டியில் கெட்டுவிட்டது என்று மாமா மறைக்காமல் சொன்னார். டீச்சர் எங்களை நிற்கவைத்துவிட்டு வளைவை இரண்டு முறை சுற்றி வந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேஜைப் பூவையும் சீக்கிரம் வையுங்கள், பெண் வரப்போகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த சீசன் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டியின் மேல் தட்டை மாமா கழற்றிப் போட்டுவிட்டார். அக்கா இப்போதும் தினம் பழம் கொண்டுவருகிறாள். கடைக்கு வெளியே, மாமாவுக்குக் கை எட்டும் உயரத்தில் அடித்துவைத்த ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாள். மாமா வெளியே நின்று தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வருவார். நேற்றுப் பசியில் நான் அந்தப் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தேன். கோபப்படத் தெரியாத மனிதர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது எனக்கு வெச்சது" என்றார்.