மடிப்பு அக்காவின் கையெழுத்து

கைக்கடிகாரத்தைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி, நகங்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பு அக்கா மேசையைத் தொடுவார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீளும் மேசை. அதன்மேல் பாராசூட் துணி கிடக்கும். பிசிர் நகம் ஒன்று பட்டாலும் போதும், நூல் இழுத்துக்கொள்ளும்.

பக்கத்து அறையில் பயிற்சியாளர், விமானத்திலிருந்து குதிக்க வந்த புதியவர்களுக்கு முதல் பாடமாக அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுவார். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். 'பாரா' என்றால் தடுப்பது, 'ஷூட்' என்றால் விழுவது. ஆக, விழுவதைத் தடுப்பது. அவர்கள் மொழியில் குடை என்ற சொல்லுக்கும் முன்பாதி இதேதானாம். பன்னிரண்டு வருடமாகக் கேட்டு அக்காவுக்குக் காது புளித்துவிட்டது.

"பேர் வச்ச மகராசன் விழுந்து பாத்திருக்க மாட்டான். விழுறத யாரால தடுக்க முடியும்? மெதுவா இறக்கி விடலாம், அவ்வளவுதான்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். ஐந்தாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தபோது அவரை மெதுவாக இறக்கிவிட எதுவும் இல்லை. அடுத்த மாதமே அக்கா இந்த வேலைக்கு மனுப் போட்டார். துக்கம் தலைக்கேறிவிட்டது என்றார்கள் வீட்டில். இருக்கலாம்.

துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, விலகாமலிருக்க மேலே நீளமான மணல் பைகளை வைப்பார். மொத்தம் ஆறு. கயிறுகளை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் ஓட்டிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்பது அவருடைய வேதவாக்கு. மடித்ததைப் பாராசூட் பையில் அடைத்து முடித்ததும், அதன் ஓரத்து உறையில் ஒரு சீட்டு: தேதி, கையெழுத்து. அவர் மடித்ததில் ஒன்றுகூட விரியாமல் போனதில்லை. குதிப்பவர்கள் சீட்டைப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். "அக்கா கையெழுத்து இருந்தா போதும், கண்ண மூடிக்கிட்டு குதிப்பேன்" என்பார் சுருட்டைமுடிக்காரர் ஒருவர். முன்பெல்லாம் அதைக் கேட்க அக்காவுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதமாக வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டு மேசையைத் துடைக்கும்போது ஐந்து மணல் பைகள்தான் இருந்தன. ஆறாவது, மடித்துக் கட்டிய துணிக்குள். பிரித்து எடுத்து, மறுபடி மடித்து வைத்தார்.

சொன்னால் மேசை போய்விடும். "ஒவ்வொண்ணும் அவருக்காகத்தான் மடிக்கிறேன்" என்று ஒரே ஒருமுறை தங்கையிடம் சொல்லியிருக்கிறார். இந்த மேசையின் முன்னால் நிற்கும்வரை, கணவர் இன்னும் தரையைத் தொடவில்லை என்று நம்ப முடிகிறது. அதை விட்டுவிட்டு வீட்டில் போய் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

இன்று காலை மடித்து முடித்தாயிற்று; மணல் பைகள் ஆறும் சுவரோரம் இருக்கின்றன. இரண்டு முறை எண்ணியாகிவிட்டது. கயிறுகள் சரியா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். அது சொல்லவில்லை.

"அக்கா, என்னோடது ரெடியா?" வாசலில் சுருட்டைமுடிக்காரர்.

சீட்டில் தேதியை எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. பிறகு அதை மூடி வைத்தார்.

"செத்த இருங்க தம்பி. வேற ஆள மடிக்கச் சொல்றேன்."

பாராசூட்டை விரிக்கும் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மடித்ததெல்லாம் அவிழ்ந்து மேசை முழுக்கச் சரிந்தது.